நாற்பது மீட்டர்

அவர் என்னை அடித்தது ஒரே ஒரு முறைதான். இரும்பு ஸ்கேலால், வலது கை முட்டியில். தோல் பிளந்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. "தொடச்சிட்டு மறுபடி போடு" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். நாலு கம்ப்யூட்டர், பெரிய வரைபடங்களை அச்சடிக்கும் ஒரு பிளாட்டர், ஓட்டை ஜீப் ஒன்று. ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைக்காக, திருமங்கலம் தாண்டிப் பரந்து கிடக்கும் சமவெளியில் உள்ள இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழைய தாழிக்காடுகள், நடுகற்கள், அழிந்துபோன ஊர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றும் வேலை. வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே படத்தை ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, அதன்மேல் ஒவ்வோர் இடத்தையும் புள்ளியாக வைக்க வேண்டும். வெயிலில் அலைந்து இடங்களை அளந்து வருவது அவர். மவுஸைப் பிடித்துப் புள்ளி வைப்பது நான். செல்லூரில் பவர்லூம் சத்தத்துக்குள் வளர்ந்தவள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பது இருக்கும். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான்.

ஸ்கேலடி வாங்கியது ஒரு புள்ளியை விட்டதற்காக. அவர் எழுதிக் கொடுத்த எண்களைப் போட்டுப் பார்த்தால், ஒரு தாழிக்காடு கண்மாய்த் தண்ணீருக்கு நடுவில் போய் விழுந்தது. எழுதும்போது எண் மாறியிருக்கும் என்று நினைத்து, அதை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

"தண்ணிக்குள்ள இருந்தா தண்ணிக்குள்ளதான் வைக்கணும். உன்னைய யாரு யோசிக்கச் சொன்னது?"

அடித்த பிறகுதான் இதைச் சொன்னார். சித்திரையில் கண்மாய் வற்றியதும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப் போனார். வெடித்துப்போன வண்டல் தரையில், அவருடைய கருவி காட்டிய அதே இடத்தில், முப்பது நாற்பது தாழிகளின் வாய் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. ஒன்றில் கை விட்டுப் பார்த்தேன். சாம்பல் நிற மண்ணும் ஒரு பல்லும் வந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்த இடத்தை முதலில் அவருக்குக் காட்டிய ஆட்டுக்காரரோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இடம்தான் முக்கியம். யார், எப்போது, ஏன் என்பதெல்லாம் அப்புறம். எங்கள் ஜீப் டிரைவரின் மச்சினன் லாரியில் அடிபட்டுச் செத்தான் என்று சேதி வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சரியா எந்த எடத்துல?" டிரைவர் அழுதுகொண்டே பாலத்தின் பெயரைச் சொன்னார். "பாலத்துக்கு இங்கிட்டா அங்கிட்டா?" என்றார் இவர். டிரைவர் இவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். இருவரையும் பிரித்து விடுவதற்குள் இவருக்கு உதடு கிழிந்திருந்தது.

கைக்கு எட்டியதை எடுத்து அடிப்பார். வாங்கவும் வாங்குவார். சேர்ந்த வருஷமே அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு நடுகல் மேட்டை ஜேசிபி வைத்துச் சவுடு மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி, ஒரு கல்லை எடுத்து ஜேசிபி கண்ணாடியில் எறிந்தார். கண்ணாடி சில்லுச் சில்லாக அதை ஓட்டியவன் மடியில் கொட்டியது. மண் அள்ள வந்த நாலு பேர் இவரைச் சூழ்ந்தார்கள். ஒருவன் மண்வெட்டிக் காம்பால் தலையில் போட்டான். இன்னொருவன் விழுந்தவரின் விலாவில் மிதித்தான். எலும்பு முறிகிற சத்தம் ஜீப்பில் இருந்த எனக்கே கேட்டது. நான் அலறினேன்.

அவர் எழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் இடது கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஜிபிஎஸ் கருவியை எடுத்து, பாதி அள்ளப்பட்ட மேட்டின் உச்சியில் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்ல அந்தக் கருவி குறைந்தது நாலு செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கருவிக்கு அதற்கே சில நிமிஷம் ஆகும்.

"மூணு கெடச்சிருச்சு. இன்னொண்ணு வரட்டும். அதுக்கப்புறம் அடிங்கடா" என்றார்.

அடித்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பான். நாலாவதும் கிடைத்ததும் எண்களை நோட்டில் எழுதிவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பயமும் உண்டு. ஸ்கேலடி வாங்கிய வாரம் மட்டும் பிடிக்கவே இல்லை. அந்த வாரம்தான் ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஆராய்ச்சி மாணவர் என்று சொன்னான். அண்ணன் களத்துக்குப் போயிருந்தார். "மேடம், கண்மாய்ப் பகுதி ஷீட்டு ஒண்ணு மட்டும் பிரிண்ட் கெடச்சா ரொம்ப உதவியா இருக்கும்" என்றான். அதுவரை யாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. 'கைல என்னாச்சு மேடம்' என்றும் கேட்டான். அண்ணன் யாருக்கும் ஒரு ஷீட்டைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதற்காகவே எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் எல்லாப் புள்ளிகளின் எண்களும் இருந்தன.

அடுத்த கோடையில், கண்மாய் மறுபடி வற்றிய மாதம், அந்தத் தாழிக்காட்டைத் தோண்டிவிட்டார்கள். தாழிக்குள் பாசிமணி இருக்கும், வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்று ஒரு பேச்சு அப்போது உலவியது. நாங்கள் போனபோது ஒரு தாழிகூட முழுசாக இல்லை. ஓடுகளும் எலும்புகளும் சப்பாத்தி மாவு மாதிரி மிதிபட்டுக் கிடந்தன. தடுக்கப் போன ஆட்டுக்காரரைக் கருவேல மரத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். ஒரு கண் போய்விட்டது. மற்றதும் வீங்கி மூடியிருந்தது.

"கையில படம் வச்சிருந்தாய்ங்கப்பா. படத்தப் பாத்துப் பாத்துத்தான் தோண்டுனாய்ங்க" என்றார் ஆட்டுக்காரர்.

நான் வார்டை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரிப் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். வெளியிடப்போகும் வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளையும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிடலாம். பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். திருடன் போனாலும் வெறும் தரையைத்தான் தோண்டுவான். நியாயமான யோசனைதான். அண்ணன் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தார்.

"காலியா விடுங்க சார். இல்லாத எடத்துல இருக்குன்னு மட்டும் போடாதீங்க."

வரைபடம் வெளிவரவே இல்லை. மற்ற எல்லா இடங்களின் எண்களையும் அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார், அவருடைய நோட்டில் மட்டும் இருந்தன. நோட்டு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் தாழி தோண்டியவர்கள் அவரையே பிடித்தார்கள்.

திருமங்கலத்துக்கு மேற்கே, பட்டப்பகலில், பைக்கை மறித்து இறக்கி ஒரு பாழடைந்த பம்புசெட் அறைக்குள் கொண்டுபோனார்கள். என்னிடம் ஷீட்டு வாங்கிப் போன வெள்ளைச் சட்டைக்காரன் வாசலில் உட்கார்ந்துகொண்டான். மற்ற இரண்டு பேர் அவருடைய வலது கையை மோட்டார் மேடையில் வைத்து அழுத்தி, ஸ்பேனரால் ஒவ்வொரு விரலாக உடைத்தார்கள். நிறையத் தாழி புதைத்திருக்கிற இடம் ஒன்றைச் சொல், போதும் என்றார்கள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். நடுவிரலை உடைத்ததும் சொல்லிவிட்டார். டிகிரி, நிமிஷம், விநாடி, எல்லாம். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் அந்த வழியாக வந்த ஒரு விவசாயி முனகல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துத் தூக்கி வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடினேன். கை முழுக்க மாவுக்கட்டு. முகத்தில் அடிபட்ட அடையாளமே இல்லை.

"ஊருக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமாண்ணே? நீங்க வரலன்னு அம்மாவும் தம்பியும் பயந்துக்கிட்டு இருப்பாங்க."

"வேணாம். வயல்ல அறுப்பு நடக்குது. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

மறுநாள் காலையில் அவருடைய ஊரில் ஒரு ஜேசிபி வந்து நின்றது. நேரே அவருடைய சொந்த வயலுக்குள் இறங்கி, வரப்போரம் இருந்த ஒரு மேட்டைத் தோண்டியது. அது அவருடைய அப்பாவைப் புதைத்த இடம்.

புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அவர் முதலில் அங்கே கொண்டுபோய் வைத்துத்தான் சரிபார்ப்பாராம். அப்பா எங்கேயும் போகமாட்டார், எண் மாறினால் கருவியில்தான் கோளாறு. அப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது அந்த ஒரு இடம்தான். "பொய்யா ஒரு நம்பர் சொல்லிப் பாத்தேன்த்தா. வாயில வரல. பொதச்ச எடம் எங்கன்னு கேட்டாய்ங்க. தெரிஞ்சதச் சொல்லிட்டேன்" என்றார் பிற்பாடு என்னிடம்.

பக்கத்து வயலில் அவருடைய தம்பியும் இன்னும் பத்துப் பேரும் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் அரிவாள். ஜேசிபியின் பல்லில் அப்பாவின் வேட்டித் துண்டும் மண்டையோடும் மாட்டிக்கொண்டு மேலே வருவதைத் தம்பி பார்த்துவிட்டார். தோண்ட வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் ரோட்டில் காரில் இருந்ததால் தப்பிவிட்டான். ஜேசிபியோடு கூலிக்கு வந்த ஒருவன், பத்தொன்பது வயசு, வயலைத் தாண்டி வாய்க்கால் கரையில் ஏறும்போது தம்பி எட்டிப் பிடித்துவிட்டார். பின்கழுத்தில் ஒன்று. குப்புற விழுந்தவன்மேல் இன்னும் ஆறோ ஏழோ.

அன்று மத்தியானம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நான்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். நானும் கூடப் போனேன். போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். அவருடைய அம்மா சேலை முந்தானையை விரித்து, தாறுமாறாகக் கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் இடது கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு, தோண்டிய குழி, ஜேசிபி நின்ற தடம், பிறகு வாய்க்கால் கரையில் ஈ மொய்த்துக்கொண்டிருந்த ரத்தத் திட்டு என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று அளந்தார். ரத்தத் திட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார். எண்களை நான் எழுதினேன்.

திரும்பி வரும்போது என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அந்த ஷீட்டக் குடுத்தது நான்தாண்ணே" என்றேன்.

"தெரியும். ஆட்டுக்காரர் படம்னு சொன்ன அன்னைக்கே தெரியும்."

"ஏண்ணே கேக்கல?"

"அடிச்சதுனாலதான குடுத்த." கொஞ்ச தூரம் போனதும், "கை ஆறிருச்சா?" என்று கேட்டார். ஆறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

நானும் ஒன்று கேட்டேன். "முந்தின நாளே ஊருக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே. அவங்க அங்க வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல. அறுப்பு நடக்குறதும் தெரியும்ல." அவர் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அரிவாளோடு ஆட்கள் நிற்கும் வயலுக்கு அவர்களை அவர் தெரிந்தேதான் அனுப்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வழக்கு நடந்தது. போலீஸ் போட்ட கைப்படத்தில் பிணம் கிடந்த இடம் தெளிவாக இல்லை. வயலுக்குள்ளே கிடந்தான் என்றால், எல்லை மீறி வந்து சமாதியைத் தோண்டியவனோடு நடந்த கைகலப்பு என்று சொல்லலாம், தண்டனை குறையும் என்றார் தம்பிக்கு வாதாடிய வக்கீல். வாய்க்கால் கரை என்றால், ஓடியவனைத் துரத்தி வெட்டியது. அண்ணன் எடுத்த அளவுகளை வைத்து எங்கள் அலுவலகத்தில் ஒரு வரைபடம் போட்டுத் தரச் சொன்னார். தாளில் இரண்டு இடத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான். தரையில் நாற்பது மீட்டர்.

அவருடைய அம்மா ஒரு நாள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

"ஏத்தா, புள்ளி வைக்கிறது நீதானாம்ல?"

"ஆமாம்மா."

"சின்னவன் மகளுக்கு ரெண்டு வயசுத்தா. ரெண்டு விரக்கட உள்ள தள்ளி வச்சா ஒனக்கு என்னத்தா கொறஞ்சிரும்?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஷீட்டை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அவருடைய புருஷனின் எலும்பு புதைத்த இடத்திலேயே இருந்திருக்கும். தள்ளி வைத்தேன். அண்ணன் கையெழுத்துப் போடும்போது பார்த்துவிடுவார் என்று பயந்தேன். கோணல்மாணலாக இடது கையால் கையெழுத்துப் போட்டார். பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

மாவட்ட நீதிமன்றத்தில் அவரைத் தம்பி தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் சுலபமான கேள்விகளாகவே கேட்டார். விரல் எப்படி உடைந்தது, யார் உடைத்தார்கள், குழியில் கிடந்தது யாருடைய எலும்பு. கடைசியில் வரைபடத்தைக் காட்டினார்.

"இது உங்க ஆபீஸ்ல போட்டதுதானே?"

"ஆமா."

"இதுல இருக்கிற விவரமெல்லாம் சரிதானே?"

கூண்டில் நின்ற தம்பி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அண்ணன் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஒண்ணு சரியில்ல. ஆள் விழுந்த எடம் இது இல்ல. கெழக்க நாப்பது மீட்டர் தள்ளி, வாய்க்கா கரையில. நான் எடுத்த அளவு நோட்டுல இருக்கு."

புள்ளியை யார் வைத்தது என்று நீதிபதி கேட்டார். "ஆபீஸ் என் பேர்ல இருக்குங்கய்யா. கையெழுத்தும் என்னுதுதான்" என்றார்.

தம்பிக்குப் பத்து வருஷம் போட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அம்மா அவருக்கு எதிரே வந்து நின்றார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை.

"ஏண்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடுனாம்மா அவன். ஓடிக்கிட்டு இருந்தான். பத்தொம்பது வயசு. யாரு சமாதின்னே அவனுக்குத் தெரியாது."

"ரெண்டு பெத்தேன்" என்றார் அம்மா. "ஒண்ணு செயிலுக்குப் போகுது. ஒண்ணு எங்க போச்சுன்னு தெரியல." சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அதற்குப் பிறகு பெரிய மகன் ஊருக்கு வந்தால் அவர் திரும்பி உட்கார்ந்துகொள்வாராம். கடைசிவரை பேசாமலேயே போய்ச் சேர்ந்தார்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அவர் காளவாசல் மாடியிலேயே படுத்து எழுந்து, சுவரோரம் ஒரு ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்றுகொண்டு, இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகி, புள்ளிகளையெல்லாம் மறுபடி தானே போட்டார். மாசம் ஒரு முறை மத்திய சிறைக்கு மனு போட்டுப் போவார். தம்பி பார்க்க வரமாட்டார். ஒவ்வொரு முறையும் பிஸ்கட் பாக்கெட்டைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

நன்னடத்தையில் ஏழாம் வருஷமே தம்பியை விடுதலை செய்தார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்து, "தம்பி வாரான்த்தா" என்றார். கல்யாணமாகிக் குழந்தையும் இருந்த எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். அந்த மனிதரின் ஏழு வருஷத்தில் என் பங்கும் இருந்தது.

காலை பத்து மணி இருக்கும். சிறை வாசலில் அண்ணன் பைக்கோடு நின்றார். வளையாத மூன்று விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். தம்பி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது, அண்ணனைவிட மூத்தவர் மாதிரி தெரிந்தார். வெட்டப் போகிறாரா, கட்டிக்கொள்ளப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. பைக்குக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"அப்பாவ மறுபடி எங்க வச்சீங்க?" என்றார். "எனக்கு யாரும் சொல்லல."

அண்ணன் வாயைத் திறந்தார். எண்ணைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தம்பி கையிலிருந்த பையை வாங்கி ஹாண்டிலில் மாட்டினார்.

"ஏறு" என்றார். "அம்மாவும் அங்கதான் இருக்கு."